கறுப்பு கேபினெட்டில் ஒரு மேக்

எட்டு வருடம் நான் சர்க்யூட் போர்டுகளைப் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். ஓசூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை, அதில் தரப் பரிசோதனைப் பிரிவு. கன்வேயரில் வரும் ஒவ்வொரு போர்டையும் விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, எந்தப் பாகத்தின் கால் சரியாக ஒட்டவில்லை, எங்கே ஈயம் வழிந்து பக்கத்துக் காலைத் தொடுகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு போர்டுக்குச் சில விநாடிகள்தான். நான் சரி என்று அனுப்பியதை சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்தது மிகக் குறைவு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அந்த எட்டு வருடம்தான் துணை என்பதால் சொல்கிறேன்.

அந்த லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். என்னோடு இருந்த பெண்கள் பாதிப்பேர் வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் வீட்டுக் கணினியில் வீடியோ எடிட்டிங் பழகியிருந்தேன். உடன் வேலை செய்தவர்களின் வளைகாப்பு, காதுகுத்து, ஒரு சர்ச் கல்யாணம் என்று ஆரம்பித்து, கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோக்காரரிடமிருந்து மாதம் மூன்று நான்கு கல்யாணங்கள் வரும் அளவுக்கு வந்திருந்தது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பார்ட்டிகளிடம் கன்னடம். நான் பஸ் ஏறிப் போய் ஹார்டு டிஸ்க்கை வாங்கி வருவேன், எடிட் செய்து கொண்டுபோய்க் கொடுப்பேன். அதிகம் பேச மாட்டார். வேலை பிடித்திருந்தால் அடுத்த டிஸ்க்கைத் தருவார், அவ்வளவுதான்.

ஒருநாள் டிஸ்க்கைத் தராமல் என்னை உட்காரச் சொன்னார்.

"ஸ்டுடியோ முழுக்க மேக்குக்கு மாத்திட்டம்மா. எடிட்டிங் சாப்ட்வேரும் அதுல மட்டும் ஓடுறது. இனிமே ப்ராஜெக்ட் ஃபைல் அப்படித்தான் வரும். உங்கிட்ட மேக் இருந்தா வேலை தர்றேன். இல்லேன்னா நான் என்னா பண்றது, நீயே சொல்லு."

"ஒரு மாசம் டைம் குடுங்கண்ணா" என்றேன்.

"வாங்கிடுவியா?"

"ரெடி பண்ணிடறேன்."

வாங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவர் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. அந்த வேலைக்குத் தாங்கக்கூடிய மேக் ஒன்றை அப்போது எங்களால் வாங்க முடியாது என்பது எனக்கு அந்த நாற்காலியிலேயே தெரிந்திருந்தது. ஆனால் சாதாரண உதிரி பாகங்களை வாங்கி, தாங்களே கோத்து, அதில் மேக் இயங்குதளத்தை ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை போனில் அதைத்தான் படித்துக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். அந்த இயங்குதளம் கண் விழித்ததும் தான் எந்தக் கணினிக்குள் இருக்கிறோம் என்று பார்க்கும். அது சொந்த வீடாக இல்லாவிட்டால் நின்றுவிடும். அதற்கு முன்பே எழுந்து, 'நீ உன் வீட்டில்தான் இருக்கிறாய்' என்று நம்பவைக்கும் சின்ன மென்பொருள் ஒன்றை ஆர்வலர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அதோடு ஒரு அமைப்புக் கோப்பு. என்ன மதர்போர்டு, என்ன பிராசசர், சத்தம் எந்த வழியாக வரும், எந்த யுஎஸ்பி துளைகள் வேலை செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் நாம்தான் அதில் எழுத வேண்டும். அந்த இயங்குதளத்தை வேறு கம்பெனிக் கணினியில் ஓட்டக் கூடாது என்று அதன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டர், சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். எந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ரிப்பேர் ஆனா ஆரு பாக்குறது?"

"நான்தான்."

"பார்ட்ஸ் எல்லாம் நீயே மாட்டிருவியா? எதுவும் எரிஞ்சு போச்சுன்னா?"

"எட்டு வருஷம் போர்டைத் தொட்டிருக்கேங்க. ஒண்ணுகூட எரியல."

"அப்பச் சரி. வாங்கு, பாத்துக்கிருவோம்."

பெங்களூரில் பழைய கணினிப் பாகங்கள் விற்கும் தெருவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். எந்தப் பாகம் மேக்கோடு ஒத்துப்போகும், எது போகாது என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கடைக்காரர்கள் இதைவிட நல்லது, புதுசு என்று வேறு எதையாவது நீட்டுவார்கள். நான் நோட்டைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டுவேன். மதர்போர்டு மட்டும் பழையது, ஒரு தலைமுறை முந்தியது. அந்தத் தலைமுறைதான் இதற்குச் சரிப்படும்.

சாப்பாட்டு மேசையின் விரிப்பை எடுத்துவிட்டு, வெறும் பலகையில் எல்லாவற்றையும் பரப்பினேன். தொழிற்சாலையில் கடைசி நாளன்று என்னிடமே இருந்துவிட்ட மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டேன். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டில் பாயாமல் இருக்க அது. காலையில் ஆரம்பித்து, சோறு வடிக்கும் நேரத்துக்கு முடித்துவிட்டேன். பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. ஆனால் நான் போட்ட நினைவகத்தில் பாதியைத்தான் அது காட்டியது.

இரண்டு நினைவகத் துண்டுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். துண்டுகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஒரு பக்கத்துத் துளைகள்தான் எதைப் போட்டாலும் பார்க்கவில்லை. இணையத்தில் கேட்டால் மதர்போர்டு போய்விட்டது, திருப்பிக் கொடு என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கெட்டுப்போன போர்டு இப்படிப் பாதி வேலையை ஒழுங்காகச் செய்யாது. பிராசசரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அங்கே ஆயிரத்துக்கு மேல் மெல்லிய ஊசிகள், நெல் நாற்று போல ஒரே பக்கம் சாய்ந்து வரிசையாக இருக்கும். போர்டை மெதுவாகத் திருப்பி வெளிச்சத்தை ஓடவிட்டேன். மூன்றாவது முறை திருப்பியபோது ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊசி மட்டும் மின்னவில்லை. பக்கத்து ஊசியின் மேல் படுத்திருந்தது.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"பேசாதீங்க, ரெண்டு நிமிஷம்."

தையல் ஊசி ஒன்றை எடுத்து, படுத்திருந்த அந்தக் காலின் அடியில் கொடுத்து, ஒரு மயிரளவு தூக்கினேன். விட்டேன். இன்னும் ஒரு மயிரளவு. அதிகமாக வளைத்தால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் போர்டு குப்பை. நான்காவது தொடலில் அது வரிசையோடு போய் நின்றது. பிராசசரை வைத்துப் பூட்டிப் பட்டனை அழுத்தினேன். நினைவகம் முழுதாக வந்தது. அவர் எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

பாகங்களைக் கோத்தது சுலபம். இயங்குதளத்தை எழுப்பியதுதான் கஷ்டம். பென்டிரைவிலிருந்து ஓடவிட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிகள் சரசரவென்று ஓடும், ஓடி ஒரு வரியில் நிற்கும். அதற்கு மேல் நகராது. ஒன்பது நாள் அதே வரி. அதே சிக்கலை எழுதியிருந்தவர்கள் பிரேசிலிலும் ரஷ்யாவிலும் இருந்தார்கள். அவர்கள் மொழியை மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்துபார்த்தேன். பத்தாவது நாள்தான் நான் செய்துகொண்டிருக்கும் தப்பு எனக்கே உறைத்தது. யாரோ ஒருவர் தன் கணினிக்கு எழுதிய அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போர்டு வேறு, என் போர்டு வேறு. தொழிற்சாலையில் ஒரு புதுப் பெண் இப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன். குறை எங்கே என்று தெரியாதபோது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை என்பதுதான் அங்கே முதல் பாடம்.

கோப்பை அழித்துவிட்டு வெறும் கோப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரிந்த பிறகுதான் எழுதினேன். புரியாததை எழுதவில்லை. நாலு நாள் ஆனது. நாலாம் நாள் பிற்பகல், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது, அந்த வரியைத் தாண்டி எழுத்துகள் ஓடின. திரை சாம்பல் நிறமாகி, எந்த மொழி வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை இழுத்துவந்து காட்டினேன்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தான்" என்றேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் மேக் ரெடி என்று போனில் சொன்னேன். நல்லது, வந்து டிஸ்க்கை எடுத்துக்கோ என்றார். எந்த மேக் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொரு முறை அவர் கடைப் படி ஏறும்போதும் அது லேசாக உறுத்தத்தான் செய்தது.

இரண்டு வருடம் ஓடியது. கல்யாணங்களில் டிரோன் வந்தது, நாலைந்து கேமரா வந்தது. ஃபைல்கள் பெருத்துப்போய் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் என் பழைய கிராபிக்ஸ் கார்டு திணறியது. ஒரு பாட்டுக் காட்சிக்கு நிறம் சரிசெய்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் மணமகள் தாலி கட்டிக்கொள்வது விட்டுவிட்டுத் தெரிந்தது. இதிலும் எந்தக் கார்டு வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. இயங்குதளத்துக்கு அடையாளம் தெரிந்த வகை வேண்டும். தேடியதில் அத்திப்பள்ளியில் ஒருவர் விற்பதாகத் தெரிந்தது. அனிமேஷன் அலுவலகம் வைத்திருந்து மூடிக்கொண்டிருந்தார். கார்டை ஓட்டிக் காட்டக் கணினி அவரிடம் இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டார். ஓட்டிப் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன்.

கடைசியில் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று ஜூஜுவாடியில் சந்திப்பதாக முடிவாயிற்று. அங்கே நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்கான ஓர் எடை மேடை. வீட்டுக்காரரோடு வேலை செய்தவர் ஒருவரின் தங்கைதான் அங்கே ரசீது போடுகிறவள். அவளிடம் கேட்டு, ஆட்டோவில் என் கணினி கேபினெட்டையும் மானிட்டரையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம்.

"என்னாக்கா இது, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கினு வந்துட்ட?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் ரசீதுக் கட்டுகளை நகர்த்தி மேசையில் இடம் கொடுத்தாள்.

வெளியே பர்கூர் பக்கத்திலிருந்து கிரானைட் பாளம் ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறியது. மேசை லேசாக அதிர்ந்தது. அத்திப்பள்ளிக்காரர் கார்டைத் துணிப்பையிலிருந்து எடுத்தார். பார்த்தவுடனேயே தூசி தட்டி நன்றாக வைத்திருந்தவர் என்று தெரிந்தது. மாட்டினேன். திரையில் லோகோ வந்தது, அதன் கீழே நிரம்பிக்கொண்டு போகும் கோடு பாதி ஓடியது, திரை கறுத்துப்போனது. மறுபடி போட்டேன். மறுபடியும் கறுப்பு.

அவர் முகம் மாறிவிட்டது. "கார்டு சென்னாகிதே மேடம், நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ் மூடறவரைக்கும் ஓடிச்சு. ப்ராமிஸ்" என்றார், கன்னடமும் தமிழுமாக.

வீட்டுக்காரர் என் காதருகே, "வேணாம், எடுத்து வச்சிருவோம். ஆளு ஏமாத்துறாப்ல இருக்கு" என்றார்.

நான் விசிறியைப் பார்த்தேன். கார்டின் விசிறிகள் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. லோகோ வரை படம் சுத்தமாக வந்தது. பழுதான கார்டு என்றால் முதலிலேயே கோடு கோடாகக் காட்டியிருக்கும். இயங்குதளம் கார்டைக் கையில் எடுத்துக்கொள்ளும் கணத்தில்தான் படம் போகிறது. அப்போது நினைவுக்கு வந்தது. இந்தப் புது வகைக் கார்டுகளுக்கு அமைப்புக் கோப்பில் கூடுதலாக ஒரு சொல் எழுத வேண்டும். பழைய கார்டுக்கு அது தேவைப்படவில்லை. நோட்டில் குறித்து வைத்திருந்தேன், கோப்பில் சேர்க்கவில்லை.

"ஒந்து நிமிஷ இரி சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பழைய கார்டை மாட்டி, கோப்பைத் திறந்து, அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, புதுக் கார்டை மறுபடி மாட்டினேன். கோடு முழுதும் ஓடியது. திரை பளிச்சென்று வந்தது. கொண்டுபோயிருந்த கல்யாண வீடியோவை ஓட்டினேன். தாலி கட்டுவது தடங்கலில்லாமல் ஓடியது. ரசீது போடுகிற பெண் தன் வேலையை விட்டுவிட்டு மணப்பெண்ணின் புடவை எந்தக் கடை என்று கேட்டாள்.

"உங்க கார்டு மேல தப்பு இல்ல சார். தப்பு என்னுது" என்றேன்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். முதல் டம்ளரை அவரே எடுத்து அத்திப்பள்ளிக்காரரிடம் கொடுத்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டுடியோக்காரர் ஓசூர் வந்தார். ஒரு பார்ட்டியைப் பார்க்க வந்தவர், அப்படியே எடிட்டையும் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறையில் மேசை. மேசைக்குக் கீழே கறுப்பு கேபினெட். திரையில் மேக். அவர் திரையைப் பார்த்தார், கேபினெட்டைப் பார்த்தார், மேசைக்குப் பின்னால் எட்டியும் பார்த்தார்.

"மேக் எங்கம்மா?"

"இதாங்கண்ணா. நானே கட்டினது. உள்ள ஓடறது மேக் ஓஎஸ்தான், பெட்டி மட்டும் வேற."

"அப்ப டூப்ளிகேட்டா?"

"அவங்க கம்பெனி மெஷின் இல்ல. அதை அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புங்க."

அவர் உட்காரவில்லை. "ரெண்டு வருஷமா ஜனங்க கல்யாணத்தை இதுலயா வச்சிக்கினு இருந்த? ஒருநாள் படுத்துக்கிச்சுன்னா? மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. தன் கல்யாண டிஸ்க்கைக் கொடு என்று கையை நீட்டினார். எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"எடுத்துக்கினு போங்கண்ணா. ஆனா ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. படுத்துக்கிச்சுன்னா என்னா ஆவும்னு காட்டறேன்."

அவர் முன்னாலேயே கணினியை அணைத்தேன். பக்கக் கதவைத் திறந்து, இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி, டிஸ்க்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இப்ப இது செத்துப்போச்சு" என்றேன். அலமாரியைத் திறந்து அதன் நகலை எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் எடுத்துவைக்கும் முழு நகல். அதை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதே திரை, அதே ஐகான்கள், அதே ப்ராஜெக்ட் திறந்தது. பிறகு அவர் கல்யாணங்களின் நகல்களைக் காட்டினேன். ஒன்று வேலை செய்யும் டிஸ்க்கில், ஒன்று அலமாரியில், ஒன்று சாமல்பட்டியில் என் அண்ணன் வீட்டில்.

"சாமல்பட்டியிலயா?"

"வீடே எரிஞ்சாலும் கல்யாணம் இருக்கணும் இல்லீங்களா."

"எங்க கடையில ஒரே ஒரு காப்பிதான் இருக்குது" என்றார் மெல்ல. பிறகு எடிட்டை ஓட்டச் சொன்னார். இரண்டு இடத்தில் பாட்டை மாற்றச் சொன்னார். கிளம்பும்போது அவருடைய கல்யாண டிஸ்க் மேசை மேலேயே இருந்தது. வாசலில் நின்று, "பார்ட்டிங்ககிட்ட இதைச் சொல்லிக்காத" என்றார்.

"நானாப் போய் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்க மாட்டேங்கண்ணா."

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவரே கேட்டார். ஸ்டுடியோவுக்கும் என்னுடையது மாதிரி ஒன்று கட்டிக் கொடுக்க முடியுமா என்று. முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாட்டேன் என்று சொன்னேன்.

"ஏம்மா, உன்னுது நல்லாத்தான ஓடுது?"

"என் மேசையில இருக்கறதுக்கு நான் பொறுப்பு. ஒரு அப்டேட்டுல நின்னுச்சுன்னா எனக்குத் தெரியும் எங்க பாக்கறதுன்னு. உங்க மேசையில நின்னுச்சுன்னா கல்யாண சீசன்ல நான் ஓடி வரணும். அதோட இது ரூல்படி இல்லாத வேலை. என்னோட போவட்டும். உங்களுக்கு வேண்டியது அது இல்லீங்க. காப்பி வைக்கற பெட்டிதான் வேணும். அதைக் கட்டித் தர்றேன்."

கட்டிக் கொடுத்தேன். நாலு டிஸ்க், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் அமைப்பு, யாருடைய ஒப்பந்தத்தையும் மீறாத இலவச இயங்குதளம். இரண்டு நாள் பகலில் அவர் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து கோத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஊத்தங்கரையில் ஒரு ஸ்டுடியோவும், ஓசூரில் ஒரு பல் மருத்துவமனையும் கேட்டார்கள். அதையும் செய்தேன். இப்போது எடிட்டிங் பாதி, இந்தப் பெட்டிகள் பாதி.

என் மேக்கின் காலம் முடியப்போகிறது. இனிவரும் பதிப்புகள் என்னுடைய வகைப் பிராசசரில் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆர்வலர்கள் இணையத்தில் அஞ்சலி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படியொன்றும் இல்லை. இருக்கிற பதிப்பிலேயே நிறுத்தி வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை கேட்கும்போது அசல் மேக்கையே வாங்குவேன், இப்போது அது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வாங்கும் அன்று முதல் வேலையாக அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சத்தியம் வாங்கப் பார்க்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.